சைக்கிள் சட்டம்

ஏலே, இங்க வந்து உக்காரு. ஏதோ இங்கிலீசு நாவல் ஒண்ணப் படிச்சு முடிச்சுட்டியாம்லா. 'தி கிவ்வர்'. அமெரிக்காக்காரி லோயிஸ் லோரி 1993-ல எழுதினது. படிச்ச கையோட தீர்ப்பும் எழுதிட்டியாம். கதை சுமார். நடுவுல இழுவை. முடிவு ஏமாத்து. அந்த ஊர்க்காரன் பூராவும் முட்டாப்பய. நீயா இருந்தா மொத நாளே ஓடிப் போயிருப்ப.

மொத நாளேயா? எய்யா ராசா, உங்கம்மை நாலு தடவ சத்தம் போடாம நீ என்னைக்குப் படுக்கைய விட்டு எந்திரிச்சிருக்க?

கோவிச்சுக்காத. நீ ஒருத்தன் மட்டும் இதச் சொல்லல. அமெரிக்காவுல ஆறாங்கிளாஸ், ஏழாங்கிளாஸ் புள்ளைகளுக்கு இது எத்தனையோ பள்ளிக்கூடத்துல பாடம். முப்பது வருசமா அதுகளும் இதையேதான் சொல்லிக்கிட்டு வருது. வந்த மறு வருசமே, 1994-ல, புள்ளைக புத்தகத்துக்குன்னு அங்க குடுக்கிற நியூபெரி பதக்கத்தையும் வாங்கிருச்சு. பரிசு வாங்கின புத்தகம்னாலே உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்துரும். வாத்தியாருக்குப் பிடிச்சது நமக்கு எதுக்குப் பிடிக்கணும்? நல்ல சந்தேகந்தான். அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா முட்டாப்பய ஊருன்னு சொன்ன பாரு, அங்கதான் இடிக்கி.

அந்த ஊர்ல என்ன குறை சொல்லு பாப்பம். பசி இல்ல. சண்ட இல்ல. மழையும் இல்ல, கொளுத்துற வெயிலும் இல்ல. மேடு பள்ளத்தக்கூட நெரவி வச்சிருக்கான். நெறம்னு ஒண்ணே கிடையாது, அதனால நீ கறுப்பு நான் செவப்புன்னு பேச்சும் கிடையாது. வருசத்துக்கு 50 புள்ள. பெத்துக் குடுக்கிறது ஒருத்தி, வளக்கிறது வேற வீடு. வீட்டுக்கு ஒரு ஆணு, ஒரு பொண்ணு, அதுவும் மனுப் போட்டு வாங்கணும். டிசம்பர் மாசம் விழா வச்சு அத்தன புள்ளைக்கும் ஒண்ணா வயசு கூட்டி விட்டுருவாவ. 4, 5, 6 வயசுல முதுகுப் பக்கம் பொத்தான் வச்ச சட்ட. தானா மாட்ட முடியாது, பக்கத்துப் புள்ளதான் மாட்டி விடணும். ஒத்தாசை பழகுதாம். 7-ல முன்பக்கப் பொத்தான். 9-ல சைக்கிள். 10-ல முடிவெட்டு. 12-ல உனக்கு இன்ன வேலைன்னு பெரியவங்க கூட்டம் சொல்லிரும். முடிஞ்சு போச்சு.

நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு. நீட்டு கிடையாது. கட் ஆப் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்து இலையப் பாக்காம உன் மார்க்க விசாரிக்கிற மாமா கிடையாது. இந்த ஊர விட்டு நீ ஓடுவியா? சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட ஆள் வருதுன்னா உனக்குக் கசக்குமா? நீ வரிசையில மொத ஆளா நின்னுருப்பலே.

ஓடணும்னா நான்தான் ஓடணும். வயசாளிகளுக்கு அங்க 'விடுவிப்பு'ன்னு ஒரு விழா. அவரு வாழ்க்கைக் கதைய வாசிச்சு, வாழ்த்திப் பேசி, சந்தோசமா ஒரு கதவு வழியா அனுப்பி வச்சிருவாவ. கதவுக்கு அங்கிட்டு என்னன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். இப்படி ஊருக்கு ஊரா உபதேசம் பண்ணிக்கிட்டுத் திரியுதேன், என்னையெல்லாம் அங்க ஒரு வாரம் விட்டு வைப்பாவன்னு நினைக்கியா? பந்தலே போட்டிருப்பாவ.

சரி, சைக்கிளுக்கு வாரேன். என் பேத்தி ஒவ்வொரு பக்கமா வாசிச்சுத் தமிழ்ல சொல்லச் சொல்லத்தான் நான் இதக் கேட்டேன். இந்த இடம் வந்தப்போ நான் சிரிச்ச சிரிப்புல பொடி மட்டை திண்ணையில இருந்து கீழ விழுந்துருச்சு. 9 வயசுக்கு முன்னால சைக்கிளத் தொடக்கூடாதுன்னு சட்டம். ஆனா அந்த ஊர்ல அனேகமா ஒரு புள்ளகூட அந்தச் சட்டத்த மதிக்கிறது இல்ல. அண்ணன்காரனும் அக்காக்காரியும் கமுக்கமாத் தம்பி தங்கச்சிக்கு ஓட்டப் பழக்கி விட்டுருதாவ. விழாவுல சைக்கிள வாங்குததுக்கு முன்னாலேயே அனேகமா எல்லாப் புள்ளைக்கும் ஓட்டத் தெரிஞ்சிருக்கு. ஊருக்கே தெரியும். யாரும் மூச்சு விட மாட்டாவ. சட்டத்த மாத்தலாமான்னு ஆராய ஒரு கமிட்டி வேற போட்டிருக்கு. அந்தக் கமிட்டி முடிவெடுக்கதுக்குள்ள உறுப்பினரெல்லாம் நரைச்சுப்போய்ப் பெரியவங்க கூட்டத்துக்கே போயிருவாங்கன்னு அந்த ஊர்லயே ஒரு கேலி.

எதுக்கு இத இம்புட்டு நேரம் சொல்லுதேன்? எல்லாம் ஒழுங்கு, எல்லாம் சரின்னு வேலி போட்ட ஊர்ல, அண்ணன் தங்கச்சிக்கு சைக்கிள் பழக்குதான் பாரு, அந்த ஒரு காரியம் எவன் போட்ட சட்டத்துலயும் இல்ல. அன்புன்னா என்னன்னே தெரியாத ஊருன்னு நீ எழுதி வச்சிருக்கியே, இது என்னவாம்? இந்த நாலு வரிய நீ தாண்டிப் போயிட்ட. ஏன்? அதுக்குக் கேள்வி வராது.

கேள்வி எதுல வரும்? ஆப்பிள்ல வரும். 'ஆப்பிள் எதைக் குறிக்கிறது? ஐந்து மதிப்பெண்.' நீயும் 'அறிவு, சுதந்திரம், தனித்துவம்'னு அளந்து விட்டிருக்க. அட, கதையில வர்ற பையன் ஜோனஸ் என்ன செஞ்சான்னு பாத்தியாலே? கூட்டாளியோட ஆப்பிளத் தூக்கிப் போட்டுப் பிடிச்சு விளையாடுதான். அந்தரத்துல போகும்போது கண்ணுமூடித் திறக்கிற நேரம் அது எப்படியோ மாறித் தெரியுது. செவப்பு. அவனுக்குச் செவப்புன்னு ஒண்ணு உண்டுங்கிறதே தெரியாது. கூட்டாளிகிட்டக் கேக்கான், அவன், ஆமா, கைய விட்டுத் துள்ளிக் கீழ விழுதுன்னு சிரிக்கான். இவன் பழத்த வீட்டுக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடி வச்சுப் புரட்டிப் புரட்டிப் பாக்கான். ஒண்ணும் தெரியல. அப்புறம் ஊர் ஒலிபெருக்கியில அறிவிப்பு வருது: 11 வயசுப் பையங்களுக்கு ஒரு நினைவூட்டல், தின்பண்டம் தின்கிறதுக்கு, சேத்து வைக்க இல்ல. பேரு சொல்லல. பேரு சொல்லாமலே முதுகு கூசுத மாதிரி சொல்லுத வித்தை அந்த ஊருக்குத் தெரியும். நீ இதையெல்லாம் விட்டுட்டு 'தனித்துவம்'னு எழுதுத. அந்தச் சொல்லுக்கு நீ ரெண்டு மார்க்கு வாங்கிருப்ப. ஆப்பிள் போச்சுலா?

நடுவுல இழுவைன்னு சொன்னியே. ஊறுகா போட்ட மறுநாளே ஜாடியத் திறந்து, இன்னும் புளிக்கலையேன்னு ஆத்தாள வையுத பய நீ. ஜோனஸுக்கு 12 வயசு ஆகுது. அவனுக்கு ஊர்ல யாருக்கும் கிடைக்காத வேல. ஊரோட பழைய ஞாபகம் பூராவையும் ஒரே ஒரு கிழவர் சுமக்காரு, அத இவன் வாங்கி வச்சுக்கணும். கிழவர் அவன் முதுகுல கைய வைப்பாரு. மொத ஞாபகம் பனி, அதுல சறுக்கு வண்டி. அப்புறம் வெயில். அப்புறம் கால் முறிஞ்ச வலி. பின்ன போர்க்களம், தண்ணி தண்ணின்னு கேட்டுச் சாகுத பையன். கத்திச்சண்ட இல்ல, துப்பாக்கி இல்ல, துரத்தல் இல்ல. ஒரு அறையில ஒரு கிழவரும் ஒரு பையனும் அவ்வளவுதான். உனக்கு அலுப்பாத்தான் இருக்கும். கிழவங்க பேசுனாலே உனக்கு அலுப்புலா.

அதுக்கும் முன்னால ஒரு சின்னக் காகிதம் வருமே, அத என்ன செஞ்ச? வேலைக்குச் சேருத அன்னைக்கு அவனுக்குன்னு எட்டு விதி எழுதின தாள் குடுப்பாவ. யாரையும் என்னவும் கேக்கலாம். நடந்தத வெளியில பேசக்கூடாது. பயிற்சியில வந்த வலிக்கு மாத்திரை கிடையாது. கடைசி விதி, நீ பொய் சொல்லலாம். அவ்வளவு நாளும் பொய்யே தெரியாத ஊருன்னு நம்பி வளந்த புள்ள அது. பசிக்குன்னு சொல்ல வேண்டிய எடத்துல 'பட்டினியாக் கிடக்கேன்'னு சொன்னாலே, அப்படிப் பெருக்கிச் சொல்லாதன்னு திருத்துத ஊரு. அந்தத் தாளப் பாத்துட்டு ராத்திரி அவன் என்ன யோசிக்கான்? 12 வயசுல வேல வாங்கின எல்லாருக்கும் இந்த வரிய எழுதிக் குடுத்திருந்தா? எங்கப்பனுக்கும் குடுத்திருந்தா? நான் போய் 'நீங்க பொய் சொல்லுவீங்களா'ன்னு கேட்டாலும், வர்ற பதில் நெசமான்னு எப்படித் தெரியும்?

ஏலே, இதுல எங்கல இழுவை? எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. வெடி வெடிச்சாத்தான் உனக்குக் கதை நடக்கு.

அந்த அப்பன ராட்சசன்னு எழுதியிருக்க. அங்க கொஞ்சம் நில்லு. அவன் ராட்சசனா இருந்தா விசயம் லேசு. பச்சப்புள்ளைகளப் பராமரிக்கிறது அவன் வேல. எட போடாத, ராத்திரி பூரா அழுத கேப்ரியல்ங்கிற புள்ளைய, அந்தப் புள்ளைக்காகவே கெஞ்சி அனுமதி வாங்கி வீட்டுக்குத் தூக்கிட்டு வாரான். பேரு வைக்கதுக்கு முன்னாலேயே பட்டியல எட்டிப் பாத்து, சட்டத்துக்கு மாறா அந்தப் பேரச் சொல்லிக் கொஞ்சுதான். அவன் கொஞ்சுத கொஞ்சல நாம ரசிச்சு முடிக்கோம். அப்புறம் ஒரு நாள் ரெட்டைப் புள்ள பொறக்கு. ஒரே முகமா ரெண்டு பேரு ஊர்ல இருக்கக்கூடாது. எட போட்டுப் பாக்கான். கனம் கூடினது உள்ள போகுது. கொறஞ்சதுக்கு ஊசி. அதே கொஞ்சல் குரல்லதான் அந்தப் புள்ளைக்கும் போய்ட்டு வான்னு சொல்லுதான். அவனுக்கு அது தப்புன்னே தெரியாது. சாவுன்னா என்னன்னு அந்த ஊர்ல யாருக்கும் சொல்லித் தந்ததே இல்லையே. மவன் ஜோனஸ் அதப் படமாப் பாக்கான்.

இத வச்சுக்கிட்டு நீ ராட்சசன்னு ஒரே சொல்லுல முடிச்சுட்ட. உனக்கும் சீக்கிரம் முடியணும், அவ்வளவுதான?

இந்தக் கதை லோரி அம்மாவுக்கு எங்க இருந்து வந்துதுன்னு கேட்டியா? கேக்க மாட்ட. பரிசு வாங்கின மேடையில அவங்களே சொல்லியிருக்காங்க. 1948-ல அவங்களுக்கு 11 வயசு. அப்பா ராணுவத்துல பல் டாக்டர், வேல டோக்கியோவுல. போர் முடிஞ்ச ஜப்பான்ல, அமெரிக்கக் குடும்பங்களுக்குன்னு வேலி கட்டி ஒரு குடியிருப்பு. உள்ள அமெரிக்க வீடு, அமெரிக்கப் பள்ளிக்கூடம், அமெரிக்க சினிமா. எல்லாம் நம்ம ஊரு மாதிரியே இருந்தாப் பத்திரம்னு அவங்கம்மா நினைச்சது. பொண்ணு என்ன செஞ்சுது? சைக்கிள எடுத்துக்கிட்டு வாசலத் தாண்டி ஷிபுயாத் தெருவுக்குப் போயிரும். அந்தச் சத்தம், வாசம், புரியாத பாஷை, பள்ளிக்கூடம் விட்டு ஓடுத ஜப்பான் புள்ளைக, அதெல்லாம் வேடிக்க பாத்துட்டு வீட்டுல சொல்லாமத் திரும்பி வந்துரும்.

வேலி. சைக்கிள். வீட்டுல சொல்லாம. ஏதாச்சும் உறைக்கா? நான் உன் வாத்தியாரு கணக்கா இது எதக் குறிக்குதுன்னு கேக்கல. சைக்கிளத்தான் சொல்லுதேன்.

இன்னொண்ணும் அவங்க சொல்லியிருக்காங்க. அவங்கப்பாவுக்கு வயசாகி ஞாபகம் தப்பிப் போச்சு. மூத்த மவ ஹெலன் 1962-லேயே புத்துநோயில போயாச்சு. அப்பாவுக்கு அது நினைப்புல இல்ல. அவ என்ன ஆனான்னு கேக்காரு. இவங்க சொல்லணும். கொஞ்ச நேரங் கழிச்சு மறந்துருதாரு, மறுபடி கேக்காரு. பெத்த புள்ள செத்த துக்கம் இல்லாம ஒரு மனுசன் நிம்மதியா உக்காந்திருக்காரு. அது நல்லதா கெட்டதான்னு அந்த அம்மா யோசிச்ச யோசனைதான்டா உன் கையில இருக்க புத்தகம். நீ போட்டிருக்கது அஞ்சுக்கு ரெண்டரை மார்க்கு. அந்த அரை எதுக்கு, அட்டைப் படத்துக்கா?

பெரியவங்க லட்சணம் உங்களவிட மோசம், அதையும் சொல்லிருதேன். வேதனையான விசயம் எதுவும் ஜனங்க காதுல விழக்கூடாதுன்னு மறைச்ச ஊரப் பத்தின கதை இது. அதப் படிச்சுட்டு அமெரிக்காவுல சில அப்பன் ஆத்தாமாரு, புள்ளைக மனசு வேதனைப்படும், பள்ளிக்கூடத்துல இருந்து எடுங்கன்னு மனுப் போட்டாவ. 1990-கள்ல அதிகமா எதிர்ப்பு வந்த 100 புத்தகம்னு அமெரிக்க நூலகச் சங்கம் ஒரு பட்டியல் போட்டுது, அதுல இதுவும் இருக்கு. அந்த மனுவ எழுதுனவங்க புத்தகத்த எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சாவளோ.

இப்போ உன் பெரிய குறைக்கு வாரேன். முடிவு. கேப்ரியலுக்கும் ஊசி போடப்போறாங்கன்னு தெரிஞ்சதும் ஜோனஸ் ராத்திரியோட ராத்திரியாப் புள்ளையத் தூக்கிட்டு ஓடுதான். எதுல? பின்னால சின்னப்புள்ள உக்கார இருக்கை வச்ச அப்பனோட சைக்கிள்ல. போட்ட சட்டத்துலேயே எல்லாரும் சிரிச்சுக்கிட்டு மீறின சட்டம் சைக்கிள் சட்டந்தான், கடைசியில அவன வெளிய கொண்டு போனதும் சைக்கிள்தான். பசி, குளிர், பனி. ஒரு குன்று மேல ஏறுதான். அங்க ஒரு சறுக்கு வண்டி. கீழ விளக்கு வெளிச்சம், பாட்டுச் சத்தம். கதை முடிஞ்சுது.

செத்தானா பிழைச்சானா? உலகத்துல உள்ள பொடிசுக எல்லாம் அந்த அம்மாவுக்குக் கடிதாசி எழுதித் தள்ளிருச்சு. ஒரு புள்ள, இப்படிப் பொசுக்குனு சாகடிச்சுட்டீங்களேன்னு வருத்தப்பட்டிருக்கு. ஆறாங்கிளாஸ்ல ஒண்ணு எழுதியிருக்கு: அவங்க வட்டமாச் சுத்தி, தன்னோட பழைய ஊருக்கே வந்து சேந்துட்டாங்க, ஆனா அந்த ஊரு இப்போ ஞாபகத்தையெல்லாம் வாங்கிக்கிட்டு மாறிப் போச்சுன்னு. யோசிச்சுப் பாரு. எழுதுன அம்மாவே அந்தக் கடிதாசிய மேடையில வாசிச்சுக் காட்டினாங்கன்னா, அந்தப் புள்ளைக்கு எத்தன மார்க்கு போடுவ? அவங்க, எது சரின்னு நான் சொல்ல மாட்டேன், அவங்கவங்களுக்கு ஒரு முடிவு இருக்குன்னுட்டாங்க.

நீ என்ன எழுதியிருக்க? 'எழுத்தாளர் தெளிவான முடிவைத் தந்திருக்க வேண்டும்.' எய்யா, எய்யா! எல்லாருக்கும் ஒரே சட்ட, ஒரே சோறு, ஒரே மாத்திரைன்னு குடுத்த ஊர, அடிமைக் கூட்டம்னு மொதப் பக்கத்துல திட்டுத. முடிவு மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒருத்தரு உக்காந்து தீர்மானிச்சு, உன் கையில குடுத்துரணும். குடுக்கலன்னா கோவம். உன்ன அந்த ஊர்ப் பெரியவங்க கூட்டம் பாத்திருந்தா 12 வயசு வரைக்கும் காத்திருக்காது. அப்பமே ஒரு நாற்காலியப் போட்டுக் குடுத்திருக்கும்.

உன்ன மாதிரி ஆளுகளுக்குன்னே 2014-ல சினிமா எடுத்தாவ. ஜெஃப் பிரிட்ஜஸ்னு நடிகரு. தன்னோட அப்பா லாயிட் பிரிட்ஜஸ அந்தக் கிழவர் வேசத்துல நடிக்க வைக்கணும்னு வருசக்கணக்கா ஆசப்பட்டாரு. 1998-ல அப்பா போயிட்டாரு. படம் கைகூடி வரும்போது மவனே அந்த வேசத்தக் கட்டுத வயசுக்கு வந்துட்டாரு. அது மட்டும் எனக்குப் பிடிச்சுது. மத்தபடி, இழுவைன்னு நீங்க போட்ட கூச்சல் அவங்க காதுலயும் விழுந்துருச்சு போலுக்கு. 12 வயசுப் பையன் எடத்துல இருபது தாண்டின இளவட்டம். பறக்குத யந்திரம் துரத்துது. ஒரு முத்தமும் உண்டு. தப்பிச்சு ஓடுததுக்குச் சைக்கிள் இல்ல, மோட்டார் சைக்கிள்! மலை உச்சியில இருந்து பாயுதான். நீ கைதட்டியிருப்ப. அந்தப் படத்துல தங்கச்சிக்கு யாரும் வண்டி பழக்கிக் குடுத்த மாதிரி எனக்குத் தெரியல.

இன்னும் ஒண்ணு உனக்குத் தெரியாது. அந்த அம்மா அதோட நிறுத்தல. 2000, 2004, 2012-னு அடுத்தடுத்து மூணு புத்தகம் எழுதியிருக்காங்க. ஜோனஸ் கதி என்ன, அந்தப் பச்சப்புள்ள என்ன ஆச்சு, எல்லாம் அதுல வருது. 1993-ல முடிவு கேட்டு அடம்பிடிச்ச புள்ளைகளுக்குப் பதில் வரும்போது சிலதுக்கு மீசையே மொளச்சிருக்கும். அந்தப் பதிலக் கேட்டதும், இதுக்கு நான் நினைச்சு வச்சிருந்ததே தேவலன்னு சொன்னவங்களும் இருப்பாங்கன்னுதான் நினைக்கேன்.

என்னல முறைக்கியே? செத்தானா பிழைச்சானான்னு எனக்குத் தெரியும். பேத்தி நாலு புத்தகத்தையும் வாசிச்சுச் சொல்லியாச்சு. சொல்ல மாட்டேன் போ. அவகிட்ட நைசாக் கேட்டுரலாம்னும் நினைக்காத. வாயத் திறக்காம இருக்க அவளுக்கு அம்பது ரூவா அச்சாரம் குடுத்து வச்சிருக்கேன்.